மரம் ஒரு வீட்டில், அச்சு ஒரு வீட்டில்

மாமியாரைப் பற்றி மருமகன் நாலு நல்ல வார்த்தை எழுதினான் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். பெற்ற தாயின் முகம் எனக்குத் தெரியாது. தின்ற சோற்றை நினைத்தால் என் கண்ணில் வந்து நிற்கிற முகம் குப்பாயி அத்தையின் முகம்தான். அதை எழுதி வைக்க எனக்கென்ன வெட்கம்?

நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன். எழுத்து கோணலாக இருக்கும். சொல்கிற விஷயம் கோணல் இல்லை.

என் பேர் அப்புசாமி. சங்ககிரி மலைக்குக் கிழக்கே குடியிருக்கிறேன். வண்டி ஓட்டிப் பிழைத்தவன், இப்போது உழுது பயிர் வைக்கக் கொஞ்சம் காடும் உண்டு. அத்தையின் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அவர்கள் தோட்டத்துக்கு மேட்டுக்காடு என்று பேர். ஒரு கிணறு, மானம் பார்த்த பூமி, வேலியோரம் பனை. வெள்ளைக்காரன் சண்டை ஓய்ந்த வருஷம் ஒரு விஷக் காய்ச்சல் வந்ததே, அதில் மாமனார் போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. அத்தைக்கு அப்போது முப்பது வயது இருக்கும். மகள் சென்னியம்மாளுக்குப் பத்து, மகன் நாச்சிமுத்துவுக்கு ஏழு.

காரியம் முடிந்ததும் பங்காளிகள் கூடி, "காட்டைக் குத்தகைக்கு உட்டுட்டு உங்கண்ணன் ஊட்டுக்குப் போயிரு" என்றார்களாம்.

"எதுக்கு? காட்டுக்கும் காய்ச்சல் வந்துருச்சா?" என்று கேட்டாராம் அத்தை. மறுநாள் விடிந்ததும் ஏர் பூட்டச் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் நோம்பி, அதாவது பண்டிகை, என்றால் சந்தகை. சந்தகை தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். புழுங்கலரிசியை ஊறவைத்து நைசாக ஆட்டி, உருட்டி, ஆவியில் வேகவைத்து, சூட்டோடு மரத்தில் போட்டுப் பிழிவது. நூல் நூலாக இறங்கும். தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றிச் சாப்பிடலாம். எள்ளை வறுத்து வெல்லத்தோடு இடித்த பொடியைப் போட்டும் பிசையலாம். தின்கிறவனுக்கு ஒரு நோவும் இல்லை, பிழிகிறவனுக்குத்தான் எல்லா நோவும். சூடு ஆறிவிட்டால் மாவு இறுகிப்போகும். அப்புறம் எத்தனை பேர் தொங்கினாலும் இறங்காது.

சந்தகை மரத்தை ஒரு ஆள் தூக்க முடியாது. கீழே கால் வைத்த கட்டை, அதில் ஒரு குழி. குழியின் அடியில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட பித்தளைத் தகடு. அதற்கு அச்சு என்று பேர். அச்சைக் கழற்றலாம், மாட்டலாம். மேலே நீளமாக ஒரு கை மரம், அதில் குழிக்குள் இறங்குகிற ஒரு கட்டை. ஒருவர் குழியில் மாவைப் போட்டுக் கீழே தட்டைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் கை மரத்தை அழுத்த வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாத காரியம்.

மேட்டுக்காட்டு மரம் மாமனாரின் தாத்தா காலத்தில் வேலியில் நின்ற வேம்பை அறுத்துச் செய்தது. தாது வருஷப் பஞ்சத்தில் அண்டா, குடம், விளக்கு எல்லாம் விற்றுத் தின்றார்களாம். அச்சை மட்டும் விற்கவில்லை. அதுவும் பித்தளைதானே, அதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, "பஞ்சம் போனா நோம்பி வருமில்ல?" என்றாளாம் அப்போது அந்த வீட்டில் இருந்தவள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் அத்தை. பஞ்சத்தைப் பார்த்தவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு நோம்பிக்கும் அச்சைப் புளி போட்டு விளக்கும்போது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

மாமனார் இருந்த வரைக்கும் மரம் அழுத்தியவர் அவர். அவர் போன அடுத்த வருஷம் ஆடி நோம்பி வந்தது. பண்ணையத்து ஆளைக் கூப்பிடச் சொன்னார்கள். அத்தை கூப்பிடவில்லை. மகளையும் மகனையும் தூக்கிக் கை மரத்தின் மேல் முன்னும் பின்னுமாக உட்கார வைத்தார். இரண்டு பிள்ளைகளின் கனமும் சேர்ந்தால்தான் மரம் கொஞ்சம் அசையும்.

"குதிங்க சாமிகளா, நல்லாக் குதிங்க" என்று சொல்லிக்கொண்டே கீழே தட்டைத் திருப்பினார்.

அந்தப் பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். நாச்சிமுத்து முன்னால் இருப்பான். அவன் விழுந்துவிடாமல் அக்கா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். அப்படியே குதித்துக் குதித்துச் சந்தகை பிழிந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இதை என் மனைவி சென்னியம்மாள் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

எனக்குப் பெண் கொடுத்த கதையையும் சொல்ல வேண்டும். நான் சித்தப்பன் வீட்டில் வளர்ந்தவன். அவர் வண்டியைத்தான் ஓட்டினேன். மேட்டுக்காட்டிலிருந்து கடலைக்காய் மூட்டை ஏற்றிச் சங்ககிரிக்குப் போவேன். பாரம் சரியாக ஏறுகிறதா என்று அத்தையும் சில நாள் பின்னால் நடந்து வருவார். மேடு வந்தால் நான் வண்டியை விட்டு இறங்கி மாட்டோடு நடப்பேன். அதில் ஒரு பெருமையும் இல்லை. மாடு சித்தப்பனுடையது, அதற்கு நோவு வந்தால் எனக்கு உதை. அதனால் இறங்கினேன். அத்தை அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"காடு கரை இல்லாதவனுக்கா புள்ளையக் குடுக்கப் போறே?" என்று அவருடைய அண்ணன் கேட்டாராம்.

"காடு எங்கிட்ட இருக்குது. மேட்டுல எறங்கி நடக்கற மாப்பளைதான் இல்ல."

கல்யாணம் ஆகி முதல் விருந்துக்குப் போனேன். புது மாப்பிள்ளைக்கு முதல் நாள் காலையில் சந்தகை போடுவது அந்த வீட்டு வழக்கம். நானோ களி தின்று வளர்ந்தவன். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும். அதிலும் என் சித்தப்பன் வீட்டில் மெதுவாகத் தின்றால் தட்டைப் பிடுங்கிவிடுவார்கள். சந்தகையையும் அப்படியே உருட்டி உருட்டி விழுங்கினேன். கதவுக்குப் பின்னால் பெண்டுகள் சிரித்தார்கள்.

அத்தை உள்ளே திரும்பி, "என்ன இளிப்பு அங்க? தேங்காப் பாலு காயுது, அதப் போய்ப் பாருங்க" என்று ஒரு அதட்டுப் போட்டார். அப்புறம் என் தட்டில் இன்னொரு பிடி வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மென்னு சாப்பிடுங்க மாப்பளை. இங்க யாரும் தட்டப் புடுங்க மாட்டாங்க" என்றார்.

என் சித்தப்பன் வீட்டுச் சங்கதி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நான் மென்றேன். அரிசிக்கு இத்தனை ருசி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். யாரோ ஒருவர் என் வயிற்றைப் பார்த்துப் பேசியதும் அன்றைக்குத்தான்.

விருந்து முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது அத்தை மரத்திலிருந்து அச்சைக் கழற்றி, துடைத்து, துணியில் சுற்றி மகள் கையில் கொடுத்தார். எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

"குடுத்தா ரெண்டையும் குடு. இல்லீனா ரெண்டையும் வெச்சுக்க. இதென்ன பாதி பாதியா?" என்றார் அவருடைய அண்ணன்.

"ரெண்டையும் குடுத்துட்டா இவ எதுக்கு இங்க வருவா? ரெண்டையும் வெச்சுக்கிட்டா நாச்சிமுத்து எதுக்கு இவளக் கூப்புடப் போவான்?"

அவ்வளவுதான் சொன்னார். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. மரம் மகன் வீட்டில், அச்சு மகள் வீட்டில். தை நோம்பி, ஆடி நோம்பி, மாரியாத்தா நோம்பி என்று எது வந்தாலும் நாச்சிமுத்து வண்டி கட்டிக்கொண்டு அக்காளை அழைக்க வருவான். அவள் அச்சை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவாள். அவன் மரம் அழுத்த, அவள் தட்டுத் திருப்ப, நாங்கள் எல்லோரும் தின்போம். பத்து வருஷம் போல இப்படியே நடந்தது.

அப்புறம் சண்டை வந்தது. கூழால் வந்த சண்டை.

அத்தைக்கு ஒரு நாள் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு என் மனைவி ஓடினாள். போய்ப் பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய கம்பங்கூழ். களை வெட்டுகிற ஆட்கள் எல்லாம் நிற்கும்போதே தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சக்காரிக்கு ஒரு வாய் சுடுசோறு ஆக்கிப் போட உன் ஊட்டுல நாதியில்லையாடா?"

"ஆத்தாதான் கூழு கேட்டுது."

"கேட்டாக் குடுத்துருவியா? நாளைக்கு வெசத்தக் கேட்டா?"

"அத்தன அக்கறை இருக்கறவ தெனமும் வந்து ஆக்கிப் போடறதுதான?"

வார்த்தை வளர்ந்தது. "இனி உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான் அவன். "மிதிக்காதே. என் அச்சும் உன் ஊட்டுக்கு வராது" என்று சொல்லிவிட்டு இவள் வந்துவிட்டாள்.

அத்தை நிஜமாகவே கூழைத்தான் கேட்டிருக்கிறார். காய்ச்சல் வாய்க்குப் புளிப்பாக வேண்டும் என்று அவரே சொன்னார். இரண்டு பேரும் நம்பவில்லை. தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று மகள் நினைத்தாள். அக்காளைச் சமாதானம் செய்ய அப்படிச் சொல்கிறாள் என்று மகன் நினைத்தான்.

அதிலிருந்து ஆறு வருஷம் இரண்டு வீட்டிலும் சந்தகை இல்லை. நோம்பிக்கு அவர்களும் இட்டிலி, நாங்களும் இட்டிலி. வேறு அச்சு வாங்கி மாட்டியிருக்கலாமே, வேறு மரம் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். திருச்செங்கோட்டில் பாத்திரக்காரரிடம் சொன்னால் அளவுக்கு அச்சு வார்த்துக் கொடுப்பார். தச்சனுக்கு மரம் செய்வது பெரிய வேலை இல்லை. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வேற மரம் செஞ்சுட்டா அப்புறம் அவன் எனக்கு எதுக்குங்க?" என்றாள். அங்கே நாச்சிமுத்துவும் வேறு அச்சு வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பேச மாட்டார்களாம், ஆனால் அறுத்துக்கொள்ளவும் மாட்டார்களாம். என்ன ஜனங்களோ!

அத்தை இரண்டு வீட்டுக்கும் நடந்தார். இடுப்பில் சுருக்குப் பை, தோளில் ஒரு துண்டு. அங்கே ஒரு மாதம், இங்கே பத்து நாள். யாரிடமும் சமாதானம் பேசவில்லை. வேறு வீட்டு விசேஷத்தில் சந்தகை வைத்தால் மட்டும், "எனக்கு வேண்டாம் சாமி" என்று தள்ளிவிடுவார். ஒரு நாள் எனக்குப் பொறுக்காமல், "நீங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசக் கூடாதுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"என்ன பேசறது மாப்பளை? அதுங்க கூழுக்காச் சண்டை போடுதுங்க? எம்மேல யாருக்கு ஆசை சாஸ்தின்னு சண்டை. எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருக்குது. அதச் சொன்னா ரெண்டும் சேர்ந்து என்னை அடிக்க வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வருஷம் ஆடி நோம்பி அன்று, எங்கள் வீட்டு இட்டிலியைப் பிட்டு வைத்துக்கொண்டு வெகு நேரம் தின்னாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

இப்போதைய யுத்தம் தொடங்கி இரண்டாம் வருஷம் என் மூத்த மகள் நல்லம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கந்தப்பன், குமாரபாளையத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர். கல்யாணம் அவர்கள் வீட்டில். நாச்சிமுத்து வந்தான். தாய்மாமன் செய்ய வேண்டியது ஒன்றையும் குறை வைக்கவில்லை. பட்டம் கட்டினான், மாலை எடுத்துக் கொடுத்தான். அக்காள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இவளும் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்கு ராத்திரி வண்டியில் வரும்போது வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைப் பிரிந்த துக்கம் என்று நினைத்தேன். "வந்தான், மொறையச் செஞ்சான், போயிட்டான். கடன் கழிச்ச மாதிரி" என்றாள் கடைசியில். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது முதல் விருந்து. மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். முதல் நாள் காலையில் மாப்பிள்ளைக்குச் சந்தகை போட வேண்டும். இவள் இட்டிலிக்கு உளுந்து அளந்துகொண்டிருந்தாள். அத்தை வந்து நின்றார்.

"சந்தகைக்கு அரிசி ஊறப் போடலையா?"

"மரம் எங்க இருக்குது ஆத்தா?"

"மரம் வரும். நீ ஊறப் போடு."

"அவன் குடுத்து நான் வாங்கோணுமா?"

"நீ எங்க வாங்கப் போற? உன்னை அரிசி ஊறப் போடத்தான சொல்றேன்?"

சொல்லிவிட்டு வந்த காலோடு மேட்டுக்காட்டுக்குத் திரும்பிவிட்டார். அங்கே நடந்ததை நாச்சிமுத்துவின் மனைவி சௌந்திரம் பின்னால் சொன்னாள். அத்தை மரம் வேண்டும் என்றாராம். ஆள் வைத்து அனுப்புகிறேன் என்றானாம் நாச்சிமுத்து.

"ஆளு தூக்கிட்டு வருவான். ஆளு அமுத்துவானா? உங்கொப்பன் புடிச்ச மரத்துல ஊரான் கை வெக்கோணுமா?"

"நான் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கறேன்."

"மிதிக்க வேண்டாம். வாசல்ல எறக்கி வாசல்லயே அமுத்திட்டு வா. வாசல் வேற, வாசப்படி வேற."

விருந்து நாள் விடிந்தபோது எங்கள் வாசலில் வண்டி நின்றது. முன்னால் நாச்சிமுத்து, பின்னால் மரத்தைப் பிடித்துக்கொண்டு அத்தை. நானும் அவனும் மரத்தை இறக்கிப் புளியமரத்தடியில் போட்டோம்.

"வாங்க மச்சான், நல்லா இருக்கறீங்களா?" என்றான் என்னிடம்.

"நல்லா இருக்கறேன். உள்ள வா."

"இல்லீங்க, இங்கயே காத்து நல்லா வருது."

தை மாதக் குளிரில் அவனுக்குக் காற்று வேண்டியிருந்தது! உள்ளே எட்டிப் பார்த்தேன். இவள் அச்சை எடுத்து வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பளபளவென்று இருந்ததை மறுபடியும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அச்சை மாட்டினாள். முதல் ஈடு வெந்து வந்தது. அத்தை கணவனை இழந்தவர் என்பதால் விருந்துக்கு மாவு பிழிய முன்னால் வர மாட்டார், பரிமாறுவதோடு சரி. சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். உறவுக்காரப் பெண்டுகள் சுற்றி நின்றார்கள். நாச்சிமுத்து கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"ஆத்தா, மாவு போட்டாச்சு. அமுத்தச் சொல்லு" என்றாள் இவள்.

"அமுத்தோணுமாம்டா" என்றார் அத்தை.

"தட்டு வெச்சாச்சான்னு கேளு ஆத்தா."

"தட்டு வெச்சாச்சாங்கறான்."

"கண்ணு தெரியலையான்னு கேளு."

"கண்ணு தெரியலையாங்கறா."

"கண்ணு நல்லாத் தெரியுது, அவளுக்கு வாயிதான் இன்னும் கொறையலைன்னு சொல்லு."

"வாயி கொறையலையாம்."

பெண்டுகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இந்தத் தபால் போய்த் திரும்புவதற்குள் மாவு பாதி ஆறிவிட்டது. முதல் ஈடு அறுந்து அறுந்து விழுந்தது. மாப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி இல்லை. இவள் முகம் சுண்டிப்போயிற்று. சம்பந்தி வீட்டார் வருகிற நேரம் நெருங்கிவிட்டது. சந்தகை இறங்கவில்லை என்றால் அது வெறும் பலகாரக் குறை என்று போகாது. தாய்மாமன் வந்தும் ஒட்டவில்லை என்று நாலு ஊர் பேசும். அதைவிட, இனி ஒரு தரம் அவன் இந்த மரத்தைத் தூக்கிக்கொண்டு வர மாட்டான். அது இவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

இரண்டாம் ஈடு வந்தது. இதைக் கூர்ந்து பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அத்தை சாவகாசமாகச் சுருக்குப் பையை அவிழ்த்தார். ஒரு துண்டுப் பாக்கு எடுத்து வாயில் போட்டார். புகையிலையைக் கிள்ளி அதையும் போட்டார். போதாமல் இன்னொரு கிள்ளு. வாய் நிறைந்து கன்னம் உப்பிவிட்டது.

"ஆத்தா, அமுத்தச் சொல்லு."

"உம்" என்று வாயைக் காட்டினார் அத்தை.

"ஆத்தா, எந்தப் பக்கம் கோணுதுன்னு கேளு!" என்றான் நாச்சிமுத்து.

"உம்."

"துப்பித் தொலை ஆத்தா!" என்று இவள் கத்தினாள். அத்தை தலையை ஆட்டிவிட்டு மெல்ல ஆரம்பித்தார். நல்ல புகையிலையை யாராவது துப்புவார்களா?

நாச்சிமுத்து கை மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தே விட்டான். மரம் பாதி இறங்கி நின்றுவிட்டது. மாவு இறுகத் தொடங்கிவிட்டது. அவன் கால் இரண்டும் அந்தரத்தில் ஆடுகிறது. இவள் கீழே தட்டோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாலு நூல் எட்டிப் பார்த்துவிட்டுத் தொங்குகிறது.

"டேய், அமுத்துடா!"

"அமுத்திக்கிட்டுத்தான இருக்கறேன்! எறங்கல!"

"மாவு ஆறுதுடா பாவி!"

"அப்ப நீயும் வந்து ஏறு புள்ள!"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் பேசிவிட்டோம் என்று தெரிந்தது. இவள் கல்யாணப் பெண்ணின் தாய். சம்பந்திகள் வரும் வேளை. சுற்றிலும் உறவுக்காரர்கள். இப்படியும் அப்படியும் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். கிடுகிடுவென்று போய்த் தம்பிக்குப் பின்னால் கை மரத்தில் ஏறி உட்கார்ந்து, அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

மரம் இறங்கியது. வெள்ளை வெளேரென்று நூல் நூலாக இறங்கியது. "தட்டு! தட்டு!" என்று எல்லோரும் கத்தினார்கள். கத்தினார்களே தவிர ஒருவரும் பிடிக்கவில்லை. நான்தான் ஓடிப்போய்த் தட்டைப் பிடித்துத் திருப்பினேன். எனக்கு அந்த வேலை தெரியாது. பாதி தட்டில், பாதி என் கையில். கை வெந்துபோயிற்று.

"திருப்புங்க மச்சான், ஒரே எடத்துல குமியுது!" என்கிறான் அவன்.

"ஏனுங்க, அது தட்டா வண்டிச் சக்கரமா, மெதுவாத் திருப்புங்க!" என்கிறாள் இவள்.

ஆறு வருஷம் பேசாதவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏசினார்கள். என் ஆயுசில் யார் ஏசியும் நான் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு இவள் குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அவன் கண்ணைத் துடைக்கவும் கை இல்லாமல், மரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு குதித்தான்.

அப்போதுதான் சம்பந்தி வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கி, மாமியார் மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான். இவள் இறங்க முடியாது, இறங்கினால் ஈடு போயிற்று. சம்பந்தியம்மாள் விவரம் தெரிந்தவர். "இருங்க, இருங்க, எறங்காதீங்க. சந்தகை ஆறிட்டா எம்மவனுக்குத்தான் நட்டம்" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த தட்டை வாங்கி ஒழுங்காகத் திருப்பினார்.

அத்தையைப் பார்த்தேன். இன்னமும் மென்றுகொண்டிருந்தார். எழுந்து வேலியோரம் போய் எல்லாவற்றையும் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "ஈடு நல்லா வந்துருச்சா?" என்று, இப்போதுதான் வந்தவர் போலக் கேட்டார்.

இலை போட்டாயிற்று. நாச்சிமுத்து வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா" என்றாள் இவள்.

"சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குதே அக்கா. வாசப்படி மிதிக்க மாட்டேன்னு."

"உன்னைய யாரு மிதிக்கச் சொன்னது? தாண்டி வா" என்றார் அத்தை.

தாண்டி வந்தான். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் இலையில் இவள் வைத்த சந்தகையை ஒரு ஆள் தின்ன முடியாது. அத்தை கடைசியில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் தின்ற சந்தகை அது. அவசரப்படாமல், ஒவ்வொரு பிடியாக மென்று தின்றார். நான் தேங்காய்ப் பாலை எடுத்துக்கொண்டு போய் ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் மருமகன் மாமியாருக்குப் பரிமாறுவது கிடையாது. பரிமாறினேன். "போதுங்க மாப்பளை, போதுங்க" என்றார். இன்னும் ஊற்றினேன்.

பொழுது சாய வண்டி கட்டினோம். நாச்சிமுத்து மரத்தைத் தொடவில்லை.

"அக்கா, மரம் இங்கயே இருக்கட்டும். நீ வெச்சுக்க."

"எனக்கெதுக்கு? நீ இந்த அச்ச எடுத்துட்டுப் போ. ஆத்தாளுக்குப் பிழிஞ்சு குடு."

"நீ வெச்சுக்கங்கறேன்."

"நீ எடுத்துட்டுப் போங்கறேன்."

மறுபடியும் சத்தம் ஏறியது. அத்தை வண்டியில் ஏறப் போனவர் நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

"சண்டை போட்ட ஆறு வருசமும் அது அங்கயும் இது இங்கயும்தான் இருந்துது. அதனாலதான் இன்னைக்கு இங்க வந்து நிக்கறீங்க. சேர்ந்த அன்னைக்கே ரெண்டையும் ஒரே ஊட்டுல போட்டு மூடிட்டு, அவங்கவங்க சோலியப் பாக்கப் போறீங்களா? ஏத்துடா மரத்த."

ஏற்றினோம். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். என் மனைவி அச்சைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நோம்பியும் தவறவில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த வருஷங்களில் ராகி மாவில் பிழிந்தோம். கறுப்பாக இருந்தது, ஆனாலும் சந்தகைதான். அத்தை இன்னும் இருக்கிறார். நடை தளர்ந்துவிட்டது, வாய் தளரவில்லை. உங்களைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். "என்னப் பத்தி எழுத என்ன இருக்குது மாப்பளை? மழை பேஞ்சுதா, கடலை வெளைஞ்சுதான்னு எழுதுங்க" என்றார்.

அந்த விருந்து நாள் சாயங்காலம் வண்டியோடு நானும் கொஞ்ச தூரம் போனேன். ஊரைத் தாண்டினால் ஒரு மேடு. மரம் நல்ல கனம், மாடு மூச்சு வாங்கியது. நான் இறங்கி மாட்டோடு நடந்தேன். இந்தத் தடவை மாடு யாருடையது என்று நினைக்கவில்லை.

"ஏறிக்குங்க மாப்பளை, இருட்டுது" என்றார் அத்தை மேலேயிருந்து.

"மேடு தாண்டட்டும் அத்தை" என்றேன்.